ஆக்ட்ராய் போன பிறகு யாரைக் கேட்பது?

"இவ்வளவு ஜி.எஸ்.டி. கட்டுகிறோமே, அதில் வாசலில் இருக்கும் பள்ளத்தை மூடக் கூடாதா?" எங்கள் சொசைட்டி பொதுக்குழுவில் மழைக்காலம்தோறும் எழும் கேள்வி இது. முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுகிறது.

முலுண்டு, தஹிசர் செக்நாக்காக்களைப் பழைய பம்பாய்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நகருக்குள் வரும் சரக்குக்கு மாநகராட்சியே அங்கு வரி வசூலித்தது. நமக்கு ஆக்ட்ராய், மராத்தியில் ஜகாத். மாதுங்காவில் பாத்திரக் கடை வைத்திருந்த என் மைத்துனருக்கு, லாரி நாக்காவில் நிற்கிறது என்று தெரிந்தால் அன்றிரவு தூக்கம் வராது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று கொண்டாடினார்களே, அந்த அருமை வியாபாரிகளுக்குத்தான் தெரியும்!

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, மும்பையில் ஆக்ட்ராய் போனது. உள்ளூருக்குள் நுழையும் சரக்குக்கு வரி போடும் அதிகாரத்தையே அரசியல் சட்டத்தின் 101-வது திருத்தம் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஈடாக மாநில அரசு மாதாமாதம் பணம் தருகிறது. முதல் தவணை சுமார் 647 கோடி ரூபாய். ஆண்டுக்கு 8 சதவீதம் கூட்டித் தருவது ஏற்பாடு. 2024-25 பட்ஜெட்டில் மாநகராட்சி இந்த வகையில் எதிர்பார்த்த தொகை 13,331 கோடி. ஆகவே, பணம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. முன்பு சொந்தச் சம்பாத்தியம், இப்போது பெரியவர் கொடுக்கும் படி, அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்பவனுக்கு அது பெரிய வித்தியாசம்.

போலீஸ் விஷயம் இன்னும் தூரம். மும்பை போலீசுக்குச் சம்பளம் தருவது மாநில அரசு, மாநகராட்சி அல்ல. 2024 வரை மும்பை, தாணே, நவி மும்பையில் பெட்ரோலுக்கு விற்பனை வரி 26 சதவீதம், மகாராஷ்டிரத்தின் மற்ற ஊர்களில் 25. நாம் அதிகமாகக் கட்டிய அந்த ஒரு சதவீதமும் நம் வார்டுக்கு வரவில்லை, மாநிலக் கஜானாவுக்குத்தான் போயிற்று.

என் மகள் இருக்கும் கலிபோர்னியாவில் முறை வேறு. சாலைக்கோ போலீசுக்கோ பணம் போதாவிட்டால், விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று உள்ளூர் மக்களிடமே வாக்குச்சீட்டில் கேட்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியில் 2016-இல் ரயிலுக்கும் சாலைக்குமாக டாலருக்கு அரை சென்ட் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், கிடைத்தது. விற்பனை வரி எனக்குப் பிடித்த வரியல்ல. தாராவியில் தோல் தைப்பவரும் மலபார் ஹில்காரரும் சோப்புக்கு ஒரே வரி கட்டுவது என்ன நியாயம்? ஆனால் முதலில் நம்மைக் கேட்கிறார்களே, அது பிடித்திருக்கிறது.

இங்கே நம்மை யார் கேட்டார்கள்? 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் கார்ப்பரேட்டர்களே இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான்.

நம் கையில் மீதியிருப்பது சொத்து வரி. அந்த பில்லை எடுத்துப் பாருங்கள். தண்ணீர், கழிவுநீர், கல்வி, மரம் என்று நீளும் பட்டியலில் 'தெரு வரி' என்று தனியாக ஒரு தொகை இருக்கும். 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022 முதல் சொத்து வரியே இல்லை. நம்மவர்களில் பல குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அதற்காக அவர்கள் வாய் திறக்கக் கூடாதென்று இல்லை, கடையில் வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும் அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தான்.

எங்கள் சொசைட்டியில் நான் சொன்னது இதுதான். எல்லா வீட்டுத் தெரு வரியையும் கூட்டி, அந்தத் தொகையை எழுதி, பள்ளத்தின் படத்தையும் சேர்த்து வார்டு ஆபீசுக்கு மனு கொடுப்போம். மராத்தியில் எழுதினால் நல்லது. நம் பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள்.