இந்தப் படத்தில் அம்மா எங்கே?

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால், அவள் வீட்டு முந்திரிக்கொத்துக்காகச் சப்புக் கொட்டிக்கொண்டு காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. சில வருஷங்களுக்கு முன் அவளுடைய தாயார் காலமானார். துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சுவரில் மாட்டுவதற்கு அம்மாவின் நல்ல படம் ஒன்று வேண்டுமென்று பழைய ஆல்பங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபது கிறிஸ்துமஸ்களின் படங்கள் அந்த ஆல்பங்களில் இருந்தன. புதுச் சட்டையில் குழந்தைகள் இருந்தார்கள். நட்சத்திர விளக்கு இருந்தது, குடில் இருந்தது. கேக் வெட்டும் சித்தப்பாவும், அதை எட்டிப் பார்க்கும் பூனையும்கூட இருந்தன. அம்மாவைத்தான் காணோம்! தேடித் தேடி மூன்று படங்கள் அகப்பட்டன. ஒன்றில் கண்ணை மூடியிருந்தார். ஒன்றில் முதுகு மட்டும். மூன்றாவதில் வரிசையின் ஓரத்தில் பாதி முகம், கையில் கரண்டி.

"அம்மா எங்கேடி இருந்தாங்க, அத்தனை நேரமும்?" என்று கேட்டேன்.

"அடுப்படியிலேதான்" என்றாள் சிநேகிதி. அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

இது அந்த ஒரு வீட்டுக் கதைதானா? தீபாவளியோ, பொங்கலோ, ரம்ஜானோ, உங்கள் வீட்டு ஆல்பத்தை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். பண்டிகையை நடத்தி வைத்தவள் படத்தில் இருக்கிறாளா?

வரிசை வேறு, கதை வேறு

நம்மில் பலருக்குப் போட்டோ என்றால் எல்லோரும் வரிசையாக நிற்பதுதான். "இன்னும் கொஞ்சம் நெருங்குங்க, சிரிங்க!" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்தப் படமும் வேண்டியதுதான். ஆனால் யார் யார் வந்தார்கள் என்பதை மட்டுமே அது சொல்லும். அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்லாது.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் காட்சிக்கும் நெடுநாளைய உறவு உண்டு. 1223-ஆம் ஆண்டில் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில், அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் அருகில் நிறுத்தி, இயேசு பிறந்த காட்சியை ஜனங்களின் கண்முன் கொண்டுவந்தார். இன்று நம் ஊர் வீடுகளில் வைக்கிற குடில், அந்த வழியில் வந்ததுதான்.

படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்வதில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் யூஜீன் ஸ்மித். 1948-ஆம் ஆண்டில் 'லைஃப்' பத்திரிகைக்காகக் கொலராடோ மாநிலத்தில் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போய், எர்னஸ்ட் செரியானி என்ற டாக்டரைப் பல நாட்கள் நிழல்போலத் தொடர்ந்து படம் பிடித்தார். காமிராவைக் கண்டு யாரும் விறைத்துப் போகாமலிருக்க, முதலில் பிலிமே போடாமல் படம் எடுப்பதுபோல் பாவனை செய்தார் என்று சொல்வார்கள். அந்தக் கட்டுரையில் எல்லோர் நெஞ்சிலும் தங்கிவிட்ட படம் எது தெரியுமா? ஒரு பிரசவத்தில் தாயும் சேயும் பிழைக்காமல் போன பிறகு, நடுநிசியில், டாக்டர் கையில் காப்பிக் கோப்பையோடு களைத்துச் சாய்ந்து நிற்கிற படம். வைத்தியர் நோயாளிக்கு ஊசி போடும் படத்தைவிட, அந்த ஓய்ந்த முகம் அவருடைய வாழ்க்கையை அதிகமாகச் சொல்லிவிடுகிறது.

என் சிநேகிதிக்கு இந்தச் சேதியைச் சொன்னேன். அடுத்த கிறிஸ்துமஸில் அவள் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே போன இடம் அடுப்படி.

மாவுக் கை

அம்மா இருந்த இடத்தில் இப்போது அவளுடைய மதினி. பண்டிகைக்கு நாலு நாள் முன்பே பலகாரம் ஆரம்பமாகிவிட்டது. மதினி அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னையப் போய் எதுக்கு எடுக்கே? கையெல்லாம் மாவு, சேலையெல்லாம் எண்ணெய்!"

"அந்த மாவுக் கைதான் மதினி, எனக்கு வேணும்!"

அச்சுமுறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும். அச்சு எண்ணெயில் நன்றாகக் காய வேண்டும். இல்லாவிட்டால் மாவு பிடிக்காது. முக்கால் அச்சு வரைதான் மாவில் தோய்க்க வேண்டும். முழுக்க முக்கினால் முறுக்கு கழன்று வராது. பிறகு எண்ணெயில் அமிழ்த்தி லேசாக ஆட்டினால், பூப்போல் கழன்று மிதக்கும். அந்த ஒரு விநாடிக்காகச் சிநேகிதி சன்னல் பக்கமாகக் காத்து நின்றாள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் எண்ணெயின் பளபளப்பும் கைவளையும் நன்றாக விழுந்தன. பிளாஷ் போட்டிருந்தால் முகம் வெளுத்து, பின்னால் இருப்பதெல்லாம் இருளடைந்திருக்கும்.

அந்த ஒரு நாள்

அன்று அவள் எடுத்த படங்களின் வரிசையைச் சொல்கிறேன். உங்களுக்கும் உபயோகப்படும்.

முந்தின நாள் மாலை வாசலில் நட்சத்திர விளக்கு. நன்றாக இருட்டிய பிறகு எடுத்தால் விளக்கு மட்டும் தெரியும், வீடு தெரியாது. சூரியன் மறைந்த இருபது நிமிஷங்களுக்குள், வானம் நீலமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். நம் பக்கத்தில் அந்தி சீக்கிரம் கரைந்துவிடும். நின்று யோசிக்க நேரமில்லை!

அன்றிரவு பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பவனிக் குழு. பாடுகிறவர்களைவிட, தூக்கக் கண்ணோடு கதவைப் பிடித்து நின்ற குழந்தையின் முகம்தான் படத்துக்கு ஏற்றது. குழந்தையை எடுக்கும்போது நாமும் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்ற வாக்கில் எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும்.

விடியற்கால ஆராதனைக்குப் புறப்படும் சந்தடி. ஒருவர் தலை வார, ஒருவர் சேலை மடிப்பைச் சரி செய்ய, ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றை மட்டும் காணோம்! 1826-இல் கட்டி முடித்த ஊசிக் கோபுர ஆலயம், விளக்கொளியில் தூரத்திலிருந்து ஒரு படம். ஆலயத்துக்குள் எடுப்பதானால் குருவானவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. ஜெபம் நடக்கும்போது செல்போன் பைக்குள் இருக்கட்டும்.

காலையில் இட்லியும் கறிக்குழம்பும். பிறகு, துணி மூடிய பலகாரத் தட்டு மதில்மேல் கைமாறும் காட்சி. தீபாவளிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதிரசம் வந்ததல்லவா? அந்தக் கடனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து முந்திரிக்கொத்து. முகம்கூட வேண்டாம், மதிலும் இரண்டு கைகளும் போதும்.

அதன் பிறகே, எல்லோரும் சேர்ந்து நிற்கும் வரிசைப் படம். இதில் ஒரு விஷயம். ஓரத்தில் நிற்பவர்களைச் செல்போன் லென்ஸ் அகலப்படுத்திக் காட்டும். ஆகவே சற்றுத் தள்ளி நின்று, ஓரத்தில் இடம் விட்டு எடுக்க வேண்டும். மதினியை யாரும் ஓரத்தில் நிறுத்தவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தார்கள். படம் எடுத்தது யார்? பத்து வயதுப் பையன்! எப்போதும் ஒருவரே எடுத்தால், அடுத்து காணாமல் போகிறவர் அவராகத்தான் இருப்பார்.

பன்னிரண்டு போதும்

அந்தக் காலத்துச் சதுரப் படக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தான் கிடைக்கும். ஒன்றைத் தட்டுவதற்குள் பத்துத் தரம் யோசிப்பார்கள். இப்போது முந்நூறு எடுக்கிறோம். ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. எடுப்பது எத்தனையானாலும், பண்டிகை முடிந்த வாரத்திலேயே சாவகாசமாக உட்கார்ந்து பன்னிரண்டைப் பொறுக்கிக் காகிதத்தில் பிரதி போட்டு வைத்துவிடுங்கள். பின்புறத்தில் வருஷம், இடம், பெயர்கள் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தினால் தழும்பு முன்பக்கம் தெரியும். மிருதுவான பென்சிலே நல்லது.

சிநேகிதி பொறுக்கிய பன்னிரண்டில் கடைசிப் படம் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்தது. விருந்தாளிகள் போய்விட்டார்கள். பாத்திரங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. புறவாசல் படியில் மதினி உட்கார்ந்திருக்கிறாள். பட்டுச் சேலையின் முந்தானை இடுப்பில் செருகியபடி இருக்கிறது. கையில் ஆறிப்போன காப்பி. காமிராவை அவள் பார்க்கவில்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

படத்தைப் பார்த்துவிட்டு அவளுடைய கணவர் வெகு நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாராம்: "அம்மாவும் இப்படித்தான் இதே படியிலே உக்காந்திருப்பாங்க. நாம பார்க்காமலே இருந்துட்டோமே!"

போன வருஷம் நான் போனபோது கூடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று அந்தப் புறவாசல் படம். மற்றொன்று, அச்சுமுறுக்கு கழன்று விழும் படம். "அந்த அச்சு அம்மாவுடையது" என்றாள் சிநேகிதி.

சகோதரிகளே! அடுத்த பண்டிகையன்று காமிராவைக் கையில் எடுத்ததும், இந்தப் படத்தில் யார் இல்லை என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். பிறகு அவர் இருக்கும் இடத்துக்கு நீங்களே போங்கள். அநேகமாக, அது வெகு தூரத்தில் இராது, அடுப்படிதான்.