தீ அணைந்த மலையில் மழை

எரிகின்ற காட்டுக்கு மழையை விட நல்ல மருந்து வேறில்லை என்று நாம் எண்ணுகிறோம். எரிந்துகொண்டிருக்கும்போது அது உண்மையே. ஆனால் எரிந்து முடிந்த செங்குத்தான மலைச்சரிவில் பெய்யும் முதல் பெருமழை, தீயைக் காட்டிலும் கொடியதாகிவிடக் கூடும். கேட்க வியப்பாக இருக்கிறதல்லவா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா பார்பரா நகரையடுத்து மாண்டிசீட்டோ என்றோர் ஊர் உண்டு. வடக்கே சாண்டா இனெஸ் மலைத்தொடர், தெற்கே பசிபிக் பெருங்கடல். இரண்டுக்கும் இடையே ஒரு சில கிலோமீட்டர் அகலமுள்ள சரிவான நிலத்தில் வீடுகளும் தோட்டங்களும் அமைந்துள்ளன. மலையிலிருந்து இறங்கும் பல ஓடைகள் ஊரின் நடுவே ஓடித்தான் கடலைச் சேர வேண்டும்.

2017 டிசம்பர் 4 அன்று மூண்ட ‘தாமஸ் தீ’ பல வாரங்கள் எரிந்து 2,81,893 ஏக்கர் நிலத்தைக் கருக்கியது. மாண்டிசீட்டோ மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறினர். தீயணைப்பு வீரர்கள் இரவு பகலாகப் போராடி ஊரின் பெரும்பாலான வீடுகளைக் காப்பாற்றினர். கிறிஸ்துமஸை ஒட்டி மக்கள் நிம்மதியுடன் வீடு திரும்பினார்கள். வீடுகள் பிழைத்தன, ஆனால் அவற்றுக்குப் பின்னால் நின்ற மலை முற்றிலும் மாறிப்போயிருந்தது.

அந்த மாற்றம் என்ன? அம்மலைகளில் வளர்வது ‘சப்பரால்’ எனப்படும் அடர்ந்த புதர்க்காடு. அதன் இலைகளில் மெழுகும் எண்ணெயும் மிகுதி. தீயின் வெப்பத்தில் இவை ஆவியாகி, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து மண்துகள்களின் மேல் பூச்சாகப் படிகிறது. அதன் பின் அந்த மண் தண்ணீரைக் குடிக்க மறுக்கிறது. தாமரை இலையில் நீர் உருள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே நிலைதான். போதாக்குறைக்கு, மழைத்துளியைத் தாங்க இலையில்லை, ஓடும் நீரைத் தடுக்கச் சருகில்லை. புதர்களின் அடியில் தங்கி நின்ற கல்லும் மணலும், பிடிப்பு எரிந்துபோனதால், மழை வருவதற்கு முன்பே உருண்டு ஓடைகளில் நிறைந்து விடுகின்றன.

இந்நிலையில் பெய்யும் மழை வழிந்தோடத்தான் முடியும். வழியில் சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு கெட்டியாகிறது. கட்டடம் கட்டுமிடத்தில் குழைத்த கான்கிரீட்டைப் பார்த்திருப்பீர்கள். அது ஓடை நிறைய, மனிதர் ஓட முடியாத வேகத்தில் இறங்கி வருவதாக எண்ணிப் பாருங்கள். வெறும் நீரால் அசைக்க முடியாத பாறையைக்கூட இந்தக் குழம்பு தூக்கிக்கொண்டு வரும். பெரிய பாறைகளே முன்னால் வரும் என்பதுதான் இதிலுள்ள பயங்கரம்.

இதற்கு நாள் முழுதும் மழை பெய்ய வேண்டியதில்லை. தென் கலிபோர்னியாவில் அரை மணி நேரத்தில் 7 மில்லிமீட்டர் பெய்ததே போதுமானதாக இருந்திருக்கிறது. நம் ஐப்பசி மழையில் நனைந்தவர்களுக்கு இது ஒரு மழையாகவே தோன்றாது! மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதைவிட, எவ்வளவு விரைவாகப் பெய்தது என்பதே இங்கே முக்கியம். அதுவும் நம் வீட்டுக் கூரைமேல் அல்ல. மேலே, எரிந்த சரிவில்.

2018 ஜனவரி 9, அதிகாலை நான்கு மணிக்குச் சற்று முன், மாண்டிசீட்டோவின் மேல் ஐந்து நிமிடத்தில் அரை அங்குலத்திற்கும் மேற்பட்ட மழை கொட்டியது. முன்னதாகவே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. மலையடிவாரப் பகுதிக்குக் கட்டாய வெளியேற்ற ஆணை. அதற்குக் கீழே உள்ள பகுதிக்கு விருப்பமுள்ளோர் வெளியேறலாம் என்ற அறிவிப்பு. ஆனால் தீக்காக ஒருமுறை வெளியேறி அலுத்துப்போயிருந்த மக்களில் மிகச் சிலரே மீண்டும் கிளம்பினர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. புகையும் சுடரும் கண்ணுக்குத் தெரிகின்றன; வறண்ட ஓடையைப் பார்த்து யார் அஞ்சுவார்?

சேறும் பாறையும் ஓடைக்கரைகளை மீறி வீடுகளுக்குள் புகுந்தன. எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பற்றி, இருண்ட வானம் செந்நிறமாயிற்று. தாமஸ் தீயில் நேரடியாக மாண்டவர் இருவர். இந்தச் சில நிமிடப் பெருக்கில் மறைந்தவர்களோ 23 பேர், சிறுவர்களும் அவர்களில் உண்டு. 400க்கும் மேற்பட்ட வீடுகள் சேதமடைந்தன. மாசற்ற இருதயச் சகோதரிகள் 1943இல் வாங்கி, பிற்காலத்தில் தியான இல்லமாக்கிய ‘லா காசா டி மரியா’வின் சில கட்டடங்களும் அழிந்தன. இதில் இன்னொரு விந்தை: தாமஸ் தீ முற்றிலும் அடக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது இதற்கு மூன்று நாள் கழித்து, ஜனவரி 12 அன்றுதான்!

இது புதிய ஆபத்தும் அன்று. 1933 நவம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே லா கிரசெண்டா பள்ளத்தாக்கின் மேலுள்ள மலை எரிந்தது. 1934 புத்தாண்டு இரவில் அதே மலையிலிருந்து இறங்கிய சேறு நாற்பது பேருக்கு மேல் பலிகொண்டது. பாதுகாப்பான இடம் என்று ஒரு மண்டபத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரும் அவர்களுள் அடங்குவர். அதன் பிறகு அப்பகுதி ஓடைகளின் வாயில்களில், பாறைகளைப் பிடித்து நிறுத்தி நீரை மட்டும் வெளியே விடும் பெரிய தடுப்புத் தொட்டிகள் பல கட்டப்பட்டன. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அவற்றைத் தூர்வாருவது செலவு பிடிக்கும் வேலை. தூர்வாராவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை.

முதல் இரண்டு ஆண்டுகளே பெரும்பாலும் ஆபத்தானவை. புல்லும் புதரும் தழைக்கத் தழைக்க மண் மீண்டும் நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. எனினும் கருகிய செடிகளின் வேர்கள் மண்ணுக்குள் மக்கிப் பிடிப்பை இழப்பதால், சில ஆண்டுகள் கழித்து வேறு வகையான சரிவு நேர்வதும் உண்டு. இப்பொழுது அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை, பெருந்தீக்குப் பின் எந்த ஓடையில் எவ்வளவு ஆபத்து என்று வரைபடம் தயாரித்து வெளியிடுகிறது.

மாண்டிசீட்டோவிலும் சான் இசிட்ரோ ஓடையின் கரையில், வீடுகள் அழிந்த இடத்திலேயே, ஒரு புதிய தடுப்புத் தொட்டி கட்டப்பட்டது. 2023 ஜனவரி 9, சரியாக ஐந்தாண்டுகள் கழித்து அதே நாளில், பெருமழை மீண்டும் வந்தது. இம்முறை மலையடிவாரம், கீழ்ப்பகுதி என்ற பாகுபாடு இல்லை. ஊர் முழுவதையும் காலி செய்யும்படி ஆணை பிறந்தது.