கேட்டுப் பெறும் அலை

வானொலி அலையை எத்தனை பேர் கேட்பினும் அது குறைவதில்லை. அயல்வீட்டு வானொலியின் பாட்டு நம் செவியில் விழுவதைக் களவென்று எவரும் சொல்லார். கம்பியில்லா இணையமாகிய வைஃபை அத்தகையதன்று. அதன் வேகம் பயன்படுத்துவோர் அனைவருக்கும் பங்காகிறது. மாத அளவு கொண்ட இணைப்பாயின், அயலார் எடுத்ததும் உரியவர் கணக்கிலேயே கழிகிறது. அவ்வழியே குற்றம் நிகழ்ந்தால், விசாரணை முதலில் அவர் வாசலுக்கே வரக்கூடும்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறின. மடுல்கெல்ல போன்ற தோட்டப்புறத்தில், லயத்துப் பிள்ளையொன்று அயலாரின் இணைப்பை நாடினால், அது களவா, கல்வித் தாகமா?

இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினியை அணுகுவதைக் குற்றமென்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, பூட்டாத கதவு அழைப்பாகாது; கடவுச்சொல் இல்லாமையும் அனுமதியாகாது. தாகம் உண்மையாயினும் குடம் பிறருடையதன்றோ?

ஆனால், கள்ளாமையை வகுத்த வள்ளுவரே ஒப்புரவறிதலையும் வகுத்தார். ஆகவே பிள்ளை கேட்கட்டும். உடையவர் பாடவேளைக்கேனும் கொடுக்கட்டும். கேளாது எடுத்தால் களவாவது, கேட்டுப் பெற்றால் உறவாகிறது.