சர்வே நம்பருக்கு வெளியே

திங்கட்கிழமை காலையில் போளூர்ப் பக்கமிருந்து வரும் பேருந்து வேங்கிக்காலில் நின்றால் பாதிக் கூட்டம் அங்கேயே இறங்கிவிடும். அங்கிருக்கும் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாள். பட்டா, முதியோர் பென்ஷன், வழித்தகராறு. வாசலில் மனு எழுதித் தருபவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர் குந்தியிருப்பார்கள். "கதையெல்லாம் வேணாம்மா, சர்வே நம்பரைச் சொல்லு" என்பார் அவர். அவர்மேல் தப்பில்லை, மனு ஒரு பக்கம்தான். வீட்டுக்காரர் செத்தது, பங்காளி வேலி போட்டது, அன்றைக்கு ஊரில் ஒருவரும் வாய் திறக்காதது எல்லாம் கழிந்து, சர்வே நம்பர் மட்டும் உள்ளே போகும்.

இன்றைக்குக் கலைக்கு என்ன வேலை என்று கேட்பவர்களை இந்த வாசலுக்குத்தான் கூட்டிவர நினைக்கிறேன். மனுவில் கழிந்துபோவதற்குக் கதையில் இடமுண்டு.

2011இல் எழுத்தாளர் ஜெயமோகன் 'அறம்' கதைகளைத் தன் இணையதளத்திலேயே அடுத்தடுத்து எழுதினார். வெட்டுவதற்கு ஆசிரியர் இல்லை, பக்கக் கணக்கு இல்லை. பல கதைகள் எந்த வார இதழின் பக்கங்களிலும் அடங்காதவை. நானும் வார இதழில் எழுதுகிறவன். அந்த நீளத்தின் அருமை எனக்குத் தெரியும். 13 கதைகளையும் அதே ஆண்டு புத்தகமாக்கியது நம் திருவண்ணாமலை வம்சி பதிப்பகம்.

அதில் ஒன்று 'நூறு நாற்காலிகள்'. கண்ணில் பட்டாலே தீட்டு என்று பகலில் நடமாடவும் விடாமல் ஒதுக்கப்பட்ட நாயாடிச் சமூகத்தில் பிறந்த ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆகிறார். தாய் தெருவில் பிச்சையெடுப்பவள். மகன் நாற்காலியில் உட்காருவதைப் பார்த்து அவள் பயந்து நடுங்குகிறாள். எழுந்துவிடு, சட்டையைக் கழற்று என்று கெஞ்சுகிறாள். ஆணை வந்துவிட்டது, பதவி வந்துவிட்டது, அவளுடைய பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்தை எந்த மனுவில் எழுத முடியும்? கதையைப் படித்தபின் வேங்கிக்கால் அலுவலகத்துக்குள் நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்காருபவர்களை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. உட்காரச் சொல்லியும் நிற்பவர்களையும்தான். மலையாளத்தில் 'நூறு சிம்ஹாசனங்கள்' என்ற பெயரில் அது அத்தனை பேரைச் சென்றடைந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

திருவண்ணாமலைக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதியதை மறுபடி வாயால் சொல்லும் பழக்கம். முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இலக்கிய இரவுகளில் விடிய விடிய உட்கார்ந்திருந்த ஊர் இது. கதைசொல்லி பவா செல்லதுரை கையில் தாளில்லாமல் அடுத்தவர் கதையைச் சொல்லும்போது, புத்தகமே தொட்டிராதவர்கள்கூட அசையாமல் கேட்கிறார்கள். தனி ஒருவர் அறையில் எழுதியது அப்படித்தான் ஊருக்குச் சொந்தமாகிறது.

போன திங்கட்கிழமை திரும்பும் பேருந்தில் என் பக்கத்தில் ஓர் அம்மா. மனுவுக்குக் கொடுத்த ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார். "நான் சொன்னத அவரு முழுசா எழுதலப்பா" என்று ஆரம்பித்தார். நாயுடுமங்கலம் தாண்டியும் முடியவில்லை. என் நிறுத்தம் வந்தது. நான் இறங்கவில்லை.