முளைப்பாரி வளர்த்த தெரு

விருதுநகர் மாவட்டத்து மம்சாபுரத்தில் ஒரு வீட்டுக் குழம்புக்கு வேண்டிய காய், முன்பெல்லாம் அந்த வீட்டுப் பின்புறத்திலிருந்து வந்தது. இல்லையென்றால் அடுத்த வீட்டுப் பின்புறத்திலிருந்து வந்தது. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடி நிற்கும் இடத்தில் வாழை. கூரையில் சுரையும் பூசணியும் கிடந்தன. வேலியில் அவரையும் பீர்க்கும் ஏறின. மழைக்குப் பின் புஞ்சையில் களையெடுக்கப் போன பெண்கள், யாரும் விதைக்காத தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இன்று அதே குழம்புக்கான தக்காளி வெளியூர்ச் சந்தையிலிருந்து வேன் ஏறி வருகிறது. பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசே கொள்முதல் செய்து அறுபது ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. மேற்கே மலை, மலையடியில் தென்னையும் மாவும், சுற்றிலும் கண்மாய்கள் என்று அமைந்த ஓர் ஊர், ரசத்துக்குத் தக்காளி வேண்டி வேனை எதிர்பார்த்திருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இது ஒரே நாளில் நடந்ததில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பக்கத்து ராஜபாளையத்தில் நூற்பாலை தொடங்கினார். அடுத்தடுத்து ஆலைகள் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் 'எஸ்விபிஆர்' என்று அந்த ஊரின் பெயரையே தாங்கி வந்தன. உழுது பிழைக்கும் சம்சாரிக்குப் பருத்தி காசு கொடுத்தது, ஆலை சம்பளம் கொடுத்தது; காயைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. 2008-இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆயிற்று, 2011-இல் விலையில்லா அரிசி ஆயிற்று. அடுப்பு அணைந்து கிடந்த வீடுகளில் அது சோறு பொங்க வைத்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கம்பையும் குதிரைவாலியையும் இடித்துப் புடைக்கும் பாடு இனி எதற்கு என்ற எண்ணம் வீடுதோறும் வந்துவிட்டது. குதிரைவாலி விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இன்றும் விளைகிறது. விளைந்ததைப் பொட்டலம் கட்டி, சர்க்கரை நோய்க்கு நல்லதென்று நகரத்துக் கடைகளில் விற்கிறார்கள்.

பின்புறம் என்ன ஆனது? அங்கே குளியலறை வந்தது, கழிப்பறை வந்தது, மிச்ச இடத்தில் சிமெண்டுத் தளம் போட்டாயிற்று. வாழைக்குப் போன தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. வசதி வேண்டியதுதான். பெண்கள் இருட்டில் ஒதுங்கப் போன காலம் திரும்ப வர வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட விதை போனதைத்தான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். பூசணி விதையைச் சாணத்தில் பதித்து வீட்டுச் சுவரில் அறைந்து வைப்பார்கள். அவரை விதை சாம்பலில் கிடக்கும். ஆடி பிறந்ததும் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கும்: "மதினி, உங்க பீர்க்க விதை நாலு இருந்தா குடுங்களேன்." நாலு கேட்டால் ஒரு கை நிறைய வரும். காய்த்ததும் முதல் காய் அந்த மதினி வீட்டுக்குப் போகும். இன்று கடையில் வாங்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் வீரிய ஒட்டு விதைதான் இருக்கிறது. அதன் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த ஆண்டு அதே காய் வராது. ஆக, ஆண்டுதோறும் கடைக்குத்தான் போக வேண்டும், மதினியிடம் கேட்க எதுவுமில்லை.

1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தை, விளைவித்தவர் தாமே விற்க வழி செய்தது. அருமையான ஏற்பாடு, ஆனால் அது உழவர் அட்டை வைத்திருக்கும் சம்சாரிக்கானது. நாலு சுரைக்காய் கூடுதலாகக் காய்த்த வீட்டுக்குச் சந்தை தேவையில்லை, பக்கத்து வீடு போதும். இங்கிலாந்தில் டோட்மார்டன் என்ற சிற்றூர் இதைப் புரிந்துகொண்டது. சுமார் 15,000 பேர் வாழும் அந்த ஊரில் 2008-இல் சிலர் சேர்ந்து தெருவோரத்திலும் காவல் நிலையத்துக்கு முன்னாலும்கூடக் காய்கறி நட்டார்கள். யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள்.

தெரு கூடி ஒன்றை வளர்ப்பதற்கு நாம் டோட்மார்டனிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. நமக்கு முளைப்பாரி இருக்கிறது. அம்மன் கோயில் பொங்கலுக்குச் சாட்டியதும் மண்பானையின் அடியில் வைக்கோலும் எருவும் மண்ணும் நிரப்பி, நவதானியத்தைத் தூவி, வெயில் படாத அறையில் வரிசையாக வைக்கிறார்கள். தண்ணீர் தெளிக்க ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பாட்டும் கும்மியும் இருக்கின்றன. ஒருத்தியின் பாரி மட்டும் வாடிவிட்டால் தெருவுக்கே மனசு கேட்காது. ஒரு வாரம் பத்து நாளில் முழ உயரம் வளர்ந்ததைத் தலையில் ஏற்றி ஊர்வலம் போய், நீர்நிலையில் கரைக்கிறார்கள். எந்த வீட்டுத் தானியம் நன்றாக முளைக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது. பின்புறங்கள் மறைந்த பிறகும், ஆலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள்கூட, இதை விடவில்லை.

ஊர்க்காயை மறுபடி வளர்த்துத் தின்ன வேண்டும் என்று நினைப்பவர்கள் முளைப்பாரி ஒழுங்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பேரூராட்சியிடம் பொது இடம் கேட்டு மனு எழுதுவது அப்புறம். முதலில் ஒரு தெருவில் பத்து வீடு போதும். தினம் இரண்டு மணி நேரம் ஒரு பெண் தலையில் விழும் திட்டம் ஆறு மாதம்கூடத் தாங்காது. தண்ணீர் ஊற்றுவது முறை வைத்து நடக்க வேண்டும், அந்த முறையில் ஆண்களும் வர வேண்டும். ஒரு வீடு பீர்க்கு, ஒரு வீடு சுரை, ஒரு வீடு அவரை, மாடி உள்ள வீட்டில் கத்தரியும் கீரையும். எல்லாரும் எல்லாம் போட்டால் கொடுக்கல் வாங்கலுக்கு இடமில்லை. விதையும் நாட்டு விதையாக இருக்கட்டும். நன்றாக விளைந்த இரண்டு காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டால் அடுத்த ஆண்டுக்கு விதை தெருவிலேயே இருக்கும்.

இடைஞ்சல்களும் உண்டு. மயில் தளிரைக் கொத்தும், குரங்கு காயைப் பிடுங்கும். மலையடித் தோப்புகளுக்குப் பன்றியும் யானையும் வருகின்றன. 2021-இல் புலிகள் காப்பகமான காட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர் இது, அவற்றோடு பகைக்க முடியாது. அதனால்தான் தோப்போரத்தில் பெரிய தோட்டம் போடுவதைவிட வீட்டை ஒட்டிய கொடிகள் நல்லது என்கிறேன். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். கோடையில் குடத்துக் குடிநீரைக் கொடிக்கு ஊற்ற யாருக்கும் மனம் வராது. குளித்த தண்ணீரைச் சாக்கடைக்கு விடாமல் ஒரு பீப்பாயில் பிடித்தால் முருங்கையும் வாழையும் பிழைத்துக்கொள்ளும்.

மண்ணுக்குக் கண்மாய் வண்டலைவிட உயர்ந்தது இல்லை. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் அதைக் கட்டணமில்லாமல் எடுக்க அரசு அனுமதிக்கிறது. இப்போது தாசில்தாரே அந்த அனுமதியைக் கொடுக்கலாம். தெருவுக்காக நிலம் உள்ள ஒரு சம்சாரி சித்திரையிலேயே விண்ணப்பித்தால், கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே ஒரு டிராக்டர் மண் வந்து சேரும். அதோடு ஆட்டு எருவைக் கலந்து ஆற வைத்தால் ஆடிக்குக் குழி தயார்.