முகவரி கிடைக்காத கணினி

அலுவலகக் கணினியை இயக்கியதும் அதற்கு ஐபி முகவரி தானாக வந்துவிட வேண்டும். அதை வழங்குவது பெரும்பாலும் ரூட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி சர்வர். முகவரி தருவார் உண்டா என்று கணினி வலையமைப்பு முழுவதற்கும் கேட்கிறது. ரூட்டர் ஒன்றைத் தர முன்வருகிறது. கணினி அதையே கோருகிறது. ரூட்டர் உறுதி செய்கிறது. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2131 வகுத்த இந்த நான்கு செய்திகளில் ஒன்று தவறினாலும் இணையம் இல்லை.

விதுரா, கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சேரும் பொன்முடியில் இணையம் நின்றால், திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வருவதற்குள் அன்றைய வேலை கெட்டுவிடும். இத்தகைய மலையிடங்களில் முதல் சோதனையை அலுவலகத்தாரே செய்யத் தெரிந்திருப்பது அவசியம்.

விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால் முகவரி தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், கேட்டதற்குப் பதிலே வரவில்லை. கணினி தனக்குத்தானே ஒரு முகவரி வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கணினியில் மட்டும் இப்படியென்றால் அதன் கேபிளைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் என்றால் ரூட்டரையும் ஸ்விட்ச்சையும்.

முகவரி வந்தும் இணையம் வராத நிலைதான் ஆளை அலைக்கழிக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் கருவி பழுதாகி, அலமாரியில் கிடந்த பழைய ரூட்டரை ஸ்விட்ச்சாகப் பயன்படுத்தச் செருகியிருப்பார்கள். அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரியே கணினிக்கு. காலையில் ஓடிய கணினி மாலையில் நிற்கும். அதே திரையில் 'டிஎச்சிபி சர்வர்' என்ற வரியை இரண்டு மூன்று கணினிகளில் ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். பழைய ரூட்டரில் டிஎச்சிபியை அணைத்து, வழங்கும் வரிசைக்கு வெளியே ஒரு நிலையான முகவரி கொடுத்தால் போதும்.

விடுதிகளில் சிக்கல் வேறு. 192.168.1.100 முதல் 199 வரை வழங்கும் ரூட்டரிடம் இருப்பது 100 முகவரிகளே. ஒரு முகவரி ஒரு கருவியிடம் இருக்கும் குத்தகைக் காலம் 24 மணி நேரமாக இருந்தால், காலையில் மலையிறங்கிய பயணியின் கைபேசிக்குத் தந்த முகவரி மறுநாள்வரைகூடப் பிறருக்குக் கிடைக்காமல் போகலாம். குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைத்து, விருந்தினருக்குத் தனி வைஃபை ஒதுக்குவதே சரியான தீர்வு. முகவரி மாறக் கூடாத பிரிண்டருக்கு, அக்கருவிக்கே உரிய மேக் எண்ணைக் கொண்டு ரூட்டரிலேயே முகவரியை முன்பதிவு செய்யலாம்.

ரூட்டரின் முகவரி, வழங்கும் வரிசை, முன்பதிவு பெற்ற கருவிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரூட்டரின் அருகிலேயே ஒட்டிவைக்க வேண்டும்.