காத்திருக்கும் பணியும் பணியிடச் சலிப்பும்: விழுப்புரம் – திண்டிவனம் இருப்புப்பாதைகளை முன்வைத்து

முன்னுரை

பணியிடச் சலிப்பைச் சோம்பலின் மறுபெயராகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மை கடியும் மடி, செய்யவேண்டியதைச் செய்யாதிருக்கும் மனநிலையாகும். சலிப்போ, செய்ய விரும்புவோருக்கும் செய்வதற்கு ஏதுமில்லாதபோது தோன்றுவதாகும். இவ்வேறுபாட்டைக் கேட் கீப்பர் என வழங்கப்பெறும் இரயில்வே கடவுக் காவலர் பணியைக்கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பணியின் இயல்பு

விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐந்து திசைகளுக்கு இருப்புப்பாதைகள் பிரிகின்றன. திண்டிவனம் வழியாகச் செல்லும் சென்னைப் பாதையில் வண்டிகள் அடுத்தடுத்து வருகின்றன. புதுச்சேரி, காட்பாடிப் பாதைகளில் இடைவெளி நீள்கிறது. எனவே ஒரே பெயருடைய பணி ஓரிடத்தில் ஓயாத இயக்கமாகவும் பிறிதோரிடத்தில் நெடிய காத்திருப்பாகவும் அமைகிறது. இப்பணி செவ்வனே நடந்தால் எதுவும் நிகழ்வதில்லை. ஆதலால் அதனைச் செய்தவரை எவரும் காண்பதுமில்லை.

சட்டத்தின் பார்வை

1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் ஊழியர் பணிகளை அவற்றின் தன்மைக்கேற்ப வகைப்படுத்துகிறது. பணிநேரத்தில் பாதியோ அதற்கு மேலோ செயலற்ற இடைவெளியாக அமைந்தால் அப்பணி இடைவிட்டு நிகழ்வதாகக் கொள்ளப்படும். அவ்விடைவெளியில் உடலுழைப்போ தொடர்ந்த கவனமோ தேவைப்படுவதில்லை என்பது சட்டத்தின் கருத்து. ஆதலின் தொடர்ச்சியான பணிக்குச் சராசரியாக வாரம் 54 மணிநேரம் என வரையறுக்கும் அச்சட்டம், இடைவிட்டு நிகழும் பணிக்கு 75 மணிநேரம் வரை இடமளிக்கிறது.

உளவியலின் பார்வை

காத்திருப்பு ஓய்வாகுமா என்பதே இங்கு எழும் வினா. ரேடார் கண்காணிப்பாளர் பணியை முன்னிட்டு நார்மன் மாக்வொர்த் நிகழ்த்திய ஆய்வு 1948இல் வெளிவந்தது. கடிகார முள்போல் நகரும் குறிமுள்ளின் அரிய இரட்டைத் தாவலை இரண்டு மணிநேரம் கவனிக்குமாறு அவர் பணித்தார். முதல் அரைமணி நேரத்திற்குள்ளேயே கண்டறியும் திறன் குறையத் தொடங்கியது. அரிதாக வருவதை எதிர்நோக்கியிருத்தலும் உழைப்பே என்பது இதனால் பெறப்படுகிறது.

கடவில் தவறும் கவனத்தின் விலை உயிராகும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம் கடவில் விழுப்புரம் – மயிலாடுதுறை இரயில் பள்ளி வேன்மீது மோதியதில் மாணவர் மூவர் உயிரிழந்தனர். அவ்விபத்திற்குச் சலிப்பே காரணம் எனக் கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. மனிதக் கவனம் ஒன்றையே நம்பிக் கடவுகளை அமைத்தல் தகாது என்பதை அது உணர்த்துகிறது.

முடிவுரை

திருக்குறளின் 52ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடல் பணியை ஒப்படைப்பவரின் பொறுப்பைப் பேசுகிறது. சலிப்பை ஆராய்வார்க்கு மடியின்மையினும் இவ்வதிகாரமே பொருத்தமான தொடக்கமாகும். கதவு மூடப்பட்டாலன்றிச் சமிக்ஞை கிட்டாதவாறு இரண்டையும் பிணைத்தல், வண்டி மிகுந்த கடவிற்கும் குறைந்த கடவிற்கும் காவலரைச் சுழற்சி முறையில் மாற்றுதல், காத்திருக்கும் நேரத்தையும் கவன உழைப்பாகக் கணக்கிடுதல் ஆகியன ஒப்படைப்பவர் கையில் உள்ளவை. இவற்றைச் செய்தபின்னரே ஊழியரின் ஊக்கத்தைப் பற்றி வினவுதல் முறையாகும்.